ஸ்டார் டிரெக்கின் ஹாலோவீன் இரவு: 'கேட்ஸ்பா' பார்க்கலாமா?

"பழைய ஸ்டார் டிரெக் விண்வெளித் தொடரில் ஹாலோவீனுக்கென்றே எடுத்த பேய்க்கதை ஒன்று இருக்கிறதாமே, அது எது? தொடரின் மட்டமான அத்தியாயங்களில் ஒன்று என்கிறார்களே, உண்மையா? கடைசியில் வரும் பொம்மைகளைப் பார்த்து எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள்?" என்பது கேள்வி. மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். முடிவு உட்பட முழுக் கதையும் வெளியே வந்துவிடும். தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் ஐம்பது நிமிடம் ஒதுக்கி அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு மேலே படிக்கலாம்.

அதன் பெயர் 'கேட்ஸ்பா'. இரண்டாம் பருவத்தைச் சேர்ந்தது. 1967 அக்டோபர் 27, வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஹாலோவீன். அமெரிக்காவில் அன்று மாலை பிள்ளைகள் பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு என்று வேடமிட்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி மிட்டாய் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் குறும்பு செய்வோம் என்பது விளையாட்டு மிரட்டல். மூன்று பருவங்கள், 79 அத்தியாயங்கள் ஓடிய தொடரில் ஒரு பண்டிகையைக் கணக்கில் வைத்து எழுதிய கதை இது ஒன்றுதான். மூடுபனி, பாழடைந்த கோட்டை, கருப்புப் பூனை, மூன்று கிழச் சூனியக்காரிகள், நிலவறை, சங்கிலியில் தொங்கும் எலும்புக்கூடு, கண் வெறித்து நடக்கும் மனிதர்கள் என்று பண்டிகைக் கடையில் விற்கும் சாமான்கள் அத்தனையும் இதில் உண்டு.

பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம். பயப்பட வேண்டும் என்று உட்கார்ந்தால் மட்டும் ஏமாற்றம்தான். என் கணிப்பில், இதில் பேய்க்கதை சுமார். அதற்குள் ஒளிந்திருக்கும் அறிவியல் புனைகதை மிக நன்று. எல்லோரும் சிரிக்கும் அந்தப் பொம்மைகள் அந்த நல்ல கதைக்குச் சரியான முடிவும்கூட. செய்த விதம்தான் கோணல். ஏன் என்று சொல்கிறேன்.

தொடக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்டர்பிரைஸ் விண்கலம் பைரிஸ் 7 என்ற கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கீழே இறங்கிய ஸ்காட் (ஸ்காட்டி), சுலு, ஜாக்சன் மூவரிடமிருந்தும் நெடுநேரமாகத் தகவல் இல்லை. திடீரென்று ஜாக்சனின் குரல்: ஒருவர் மேலே வரத் தயார். ஒருவர் மட்டும்தானா, மற்ற இருவர் எங்கே என்று கேப்டன் கிர்க், ஆட்களை ஒளியாக்கி ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போர்ட்டர் அறைக்கு ஓடுகிறார். ஒளிப்பொட்டுகள் கூடி ஜாக்சன் உருவம் கொள்கிறார். நிற்கிறார். அடுத்த நொடி, கையை ஊன்றாமல், மரம் சாய்வதுபோல் மேடையிலிருந்து முகம் குப்புற விழுகிறார். டாக்டர் மெக்காய் பரிசோதித்துவிட்டு, இறந்துவிட்டார் என்கிறார். அப்போது பிணத்தின் திறந்த வாயிலிருந்து, உதடு அசையாமல், ஒரு குரல் வருகிறது. கேப்டனைப் பெயர் சொல்லி அழைக்கிறது. உன் கப்பல்மேல் ஒரு சாபம் இருக்கிறது, இங்கிருந்து போய்விடு, இல்லாவிட்டால் எல்லோரும் சாவீர்கள் என்கிறது. அதோடு தொடக்க இசை.

இதில் கோட்டையும் இல்லை, பூனையும் இல்லை. பளிச்சென்று விளக்கெரியும் அறை, அன்றாடம் பார்த்துப் பழகிய மேடை, அதில் நடக்கக் கூடாத ஒன்று நடக்கிறது. அத்தியாயத்திலேயே உண்மையாக முதுகு சில்லிடும் இடம் இதுதான். கீழே இறங்கியபின் புகையும் ஒட்டடையும் எவ்வளவு சேர்த்தாலும் இந்த அரை நிமிடத்தின் பயம் திரும்பி வரவில்லை.

கிர்க், வேற்றுக் கிரகத்து வல்கன் இனத்தைச் சேர்ந்த அதிகாரி ஸ்பாக், மெக்காய் மூவரும் இறங்குகிறார்கள். தரையெல்லாம் மூடுபனி. இந்தக் கிரகத்தில் மூடுபனி உண்டாக வழியே இல்லை என்று கருவிகள் சொல்லியிருக்கின்றன. பனிக்குள்ளிருந்து மூன்று சூனியக்காரிகளின் முகங்கள் மட்டும் தோன்றி, எதுகை மோனையோடு சாபம் பாடி மறைகின்றன. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்திலிருந்து நேரே இரவல் வாங்கிய மூவர். கிர்க் திரும்பி, ஸ்பாக், உங்கள் கருத்து என்ன என்கிறார். மிக மோசமான கவிதை, கேப்டன் என்கிறார் ஸ்பாக். இந்தப் பதிலுக்காகவே இந்த அத்தியாயத்தை மறக்காதவர்கள் இருக்கிறார்கள். சிறிது தூரம் போனதும், ஒருவர் செத்து இருவர் காணாமல் போகாதிருந்தால், யாரோ நம்மிடம் ஹாலோவீன் விளையாட்டு விளையாடுகிறார்கள் என்றுதான் நினைப்பேன் என்கிறார் கிர்க். ஸ்பாக்குக்கு அது என்னவென்றே தெரியாது. உங்களுக்கு அந்த வேடம் பிரமாதமாகப் பொருந்தும், என்றாவது ஒருநாள் விளக்குகிறேன் என்று கேப்டன் நகர்ந்துவிடுகிறார். கூரான காதும் மேலேறிய புருவமும் கொண்டவரிடம் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் சொல்லும் கிண்டல் அது.

நிலவறையில் இன்னொன்று. மூவரையும் சுவரோடு சங்கிலியில் பிணைத்திருக்கிறார்கள். கிர்க் கண் விழித்து மெக்காயை அழைக்கிறார். டாக்டருக்கு அவர் வைத்திருக்கும் செல்லப்பெயருக்கு 'எலும்புகள்' என்றுதான் பொருள். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே திரும்பினால், பக்கத்துச் சங்கிலியில் தொங்குவது நிஜ எலும்புக்கூடு. சட்டென்று நிறுத்தி, டாக்டர் என்று மாற்றி அழைக்கிறார். வில்லியம் ஷட்னரை மிகை நடிப்புக்காரர் என்று கிண்டல் செய்கிறவர்கள் இந்த இரண்டு நொடியைப் பார்க்க வேண்டும். எவ்வளவு அளவாகச் செய்திருக்கிறார்!

எழுதியவர் யார் என்று பார்த்தால் இந்தச் சிரிப்பும் சில்லிப்பும் கலந்த கைமணம் புரியும். ராபர்ட் பிளாக். ஹிட்ச்காக் 1960இல் எடுத்த 'சைக்கோ' படத்துக்கு மூலமான நாவலை முந்தைய ஆண்டு எழுதியவர் இவர்தான். 1917இல் சிகாகோவில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்து, அவருடைய ஊக்கத்தில் எழுத்துக்கு வந்தவர். ஸ்டார் டிரெக்குக்கு மூன்று கதைகள் கொடுத்தார். மூன்றும் ஏதோ ஒரு வகையில் திகில் கதைகள். 'கேட்ஸ்பா'வை, 1957இல் தாம் எழுதிய ஒரு சிறுகதையின் கருவை எடுத்து விரித்தே அமைத்தார். வேற்றுக் கிரகத்தில் சூனியக்காரிகள் நிஜமாக இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்தக் கரு.

லவ்கிராஃப்டின் நிழல் இதில் ஓரிடத்தில் அப்பட்டமாக விழுகிறது. கோட்டையை ஆளும் கோரோப், சில்வியா இருவரும் தங்களை அனுப்பிய எஜமானர்களைப் 'பண்டையோர்' என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். யார் அவர்கள், எங்கே இருக்கிறார்கள் என்று விளக்கமே இல்லை. லவ்கிராஃப்டின் கதைகளில் மனிதர்களுக்கு முன்பே பிரபஞ்சத்தில் உலவிய இனங்களுக்கு வரும் பெயர் அது. முந்தைய ஆண்டு அக்டோபரில் வந்த பிளாக்கின் முதல் ஸ்டார் டிரெக் கதையிலும், ஓர் ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ இயந்திரம், தன்னைப் படைத்தவர்களை அதே பெயரால்தான் சொல்கிறது. குருவுக்குச் சிஷ்யர் வைத்த வணக்கம். தொடர் அதைப் பின்னர் பெரிதாகத் தொடரவில்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

இனி, அந்த நல்ல கதை. கோரோப்பும் சில்வியாவும் வேறொரு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்தவர்கள். மனிதர்களை வரவேற்க, அவர்களுக்குப் பழக்கமான ஓர் இடத்தை உருவாக்க நினைக்கிறார்கள். அதற்காக மனிதர்களின் மனத்தைத் துழாவுகிறார்கள். விழித்திருக்கும் மனம் கைக்கு அகப்படவில்லை, அடிமனம்தான் சிக்குகிறது. அங்கே கிடந்தவை இருட்டும் சங்கிலியும் சூனியக்காரியும். மனிதர்கள் வாழும் உலகம் இப்படித்தான் இருக்கும்போலும் என்று எண்ணி அப்படியே கட்டிவிடுகிறார்கள். அதாவது அந்தக் கோட்டை ஒரு விருந்தினர் மாளிகை! இதை ஊகித்துச் சொல்பவர் ஸ்பாக். இறங்கிய மூவரில் பூமியின் பேய்க்கதைகள் எதையும் தன் அடிமனத்தில் சுமக்காதவர் அவர் ஒருவர்தான் என்பதைக் கவனியுங்கள். பூனை வந்தால் மற்றவர்கள் சற்றே பின்வாங்குகிறார்கள். அவருக்கு அது வெறும் பூனை.

இந்த யோசனையின் அருமை புரிய, அதே ஆண்டு ஜனவரியில் வந்த 'தி ஸ்கொயர் ஆஃப் கோத்தோஸ்' அத்தியாயத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் வேற்றுக் கிரகத்தில் ஒரு மாளிகை, அதில் மாய வித்தை காட்டும் ஒருவன், அவனுடைய சக்திக்கு மூலமான ஒரு கருவி. ட்ரெலேன் என்ற அவன் பூமியைத் தொலைநோக்கி வழியாக, ஒளி வந்து சேரவே பல நூற்றாண்டு ஆகும் தூரத்திலிருந்து பார்த்துப் படித்தவன். ஆகவே அவன் உலகம் வெளித்தோற்றம் மட்டும் சரியான உலகம். அடுப்பில் தீ எரியும், சூடு இராது. தட்டில் உணவு இருக்கும், சுவை இராது. சில்வியாவும் கோரோப்பும் இதற்கு நேர் எதிர். அவர்கள் மனிதனை உள்ளிருந்து படித்தவர்கள். அவர்கள் உருவாக்கும் உலகில் சூடும் சுவையும் வலியும் உண்டு, தோற்றம்தான் அபத்தம். ஒன்பது மாத இடைவெளியில் ஒரே தொடர் ஒரே புதிரை இரண்டு முனையிலிருந்தும் பிடித்துப் பார்த்திருக்கிறது. 'ஸ்கொயர்' அதிகம் கொண்டாடப்படுகிறது. நடிப்பில் அது ஒரு படி மேல்தான். யோசனையில் 'கேட்ஸ்பா' மேல் என்பேன்.

விருந்துக் காட்சியைப் பாருங்கள். வழுக்கைத் தலையும் நீண்ட அங்கியுமாக இருக்கும் கோரோப், தன் கோலை அசைத்து மேசை நிறைய உணவை வரவழைக்கிறார். பிறகு தட்டுகளில் வைரமும் மாணிக்கமும் குவிகின்றன. இவற்றை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்கிறார். கிர்க் அலட்சியமாக, இவற்றை எங்கள் கப்பலிலேயே டன் கணக்கில் தயாரிக்கலாம் என்கிறார். கோரோப் திகைக்கிறார். மனிதனின் கனவுகளில் புதையல் ஆசை இருப்பது அவருக்குத் தெரியும். இந்த மனிதர்களின் நூற்றாண்டில் புதையலுக்கு மதிப்பில்லை என்பது தெரியாது. அடிமனத்துக்குக் காலண்டர் கிடையாது அல்லவா? கோரோப்பாக நடித்த தியோ மார்க்கூஸ், அந்தத் தடுமாற்றத்தை முகத்தில் ஒரு கணம் மட்டும் ஓடவிட்டு உடனே மறைக்கிறார். நல்ல நடிகர். இந்த அத்தியாயம் ஒளிபரப்பாகி ஒரு மாதம் கழித்து, நவம்பர் 29 அன்று கார் விபத்தில் இறந்துபோனார்.

கப்பல் பொம்மைக் காட்சிதான் அடுத்த உச்சம். சில்வியாவின் கையில் சங்கிலியில் கோத்த சின்னஞ்சிறு என்டர்பிரைஸ். அதை மெழுகுவர்த்திச் சுடர்மேல் மெல்லப் பிடிக்கிறார். மேலே, சுற்றுப்பாதையில், நிஜக் கப்பலுக்குள் வெப்பம் நொடிக்கு நொடி ஏறுகிறது. ஆட்கள் வியர்த்துத் தவிக்கிறார்கள். ஜாக்சனையும் இப்படித்தான் கொன்றதாக அமைதியாகச் சொல்கிறார்: அவரைப்போல் ஓர் உருவம் செய்தேன், அது செத்ததாக நினைத்தேன், அவர் செத்தார். பில்லி சூனியம், பாவை செய்து ஊசி குத்துவது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. உருவத்துக்குச் செய்தால் உரியவனுக்குப் போய்ச் சேரும் என்ற இந்த நம்பிக்கை உலகம் முழுக்க இருப்பதை ஜேம்ஸ் ஃபிரேசர் 1890இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சி நூலில் தொகுத்தார்; சில்வியா வசனத்தில் சொல்வதும் அவர் பிரபலமாக்கிய 'சிம்பதெடிக் மேஜிக்' என்ற அதே கலைச்சொல்தான். பிளாக் வேலை தெரிந்தவர். செலவும் பாருங்கள்: ஒரு பொம்மை, ஒரு மெழுகுவர்த்தி, சட்டை நனைந்த நான்கு நடிகர்கள். கோட்டைக்குப் போட்ட செட் அத்தனையும் சாதிக்காததை அந்தச் சுடர் சாதித்துவிடுகிறது.

நடுப்பகுதியில் கதை தொய்கிறது, மறைப்பதற்கில்லை. கோரோப் அந்தப் பொம்மைக் கப்பலைப் பளிங்குக் கட்டிக்குள் அடைக்க, மேலே நிஜக் கப்பலைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி விழுகிறது. கப்பல் பொறுப்பில் இருக்கும் டிசேல் அதை உடைக்கப் பார்க்கிறார், முடியவில்லை. மறுபடி பார்க்கிறார், சிறிது அசைகிறது. கடைசியில் கோரோப் தாமாகவே வேலியை எடுத்துவிடுவதால் இந்த முயற்சி முழுவதும் வீண். ஸ்காட்டியும் சுலுவும் கண் வெறித்தபடி நடமாடும் அடிமைகளாகத்தான் அத்தியாயம் முழுக்க வருகிறார்கள். ஒரு கட்டத்தில் மெக்காயும் அவர்களோடு சேர்ந்துவிடுகிறார். அந்தப் பருவத்திலிருந்துதான் மெக்காயாக நடித்த டிஃபாரஸ்ட் கெல்லியின் பெயரைத் தொடக்கத்தில் போட ஆரம்பித்தார்கள். பருவத்துக்காக முதலில் படமாக்கிய அத்தியாயத்திலேயே அவரைப் பேச்சில்லாமல் நிறுத்திவிட்டார்கள்!

ஆம், படமாக்கியதில் இதுதான் முதல். மே மாதம் எடுத்து, பண்டிகைக்காக அக்டோபர் வரை வைத்திருந்தார்கள். அதனால் ஒரு வேடிக்கை. இரண்டாம் பருவத்தில் புதிதாகச் சேர்ந்த கப்பல் அதிகாரி செகோவாக வால்டர் கோனிக் முதன்முதலாகக் கேமராவுக்கு முன் நின்றது இதில்தான். மங்கீஸ் இசைக் குழுவின் டேவி ஜோன்ஸ்போல் நெற்றி மறைக்கும் முடி வேண்டும் என்றார்கள், அவர் தலைமுடி அதற்கு வளரவில்லை, விக் வைத்தார்கள். முதல் காட்சியிலிருந்தே அது விக் என்று விக்கே சொல்கிறது. ரசிகர்களோ செகோவை ஏற்கெனவே செப்டம்பரிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையாகப் பார்க்கும்போது அவர் முடி வாரத்துக்கு வாரம் ஏன் மாறுகிறது என்று குழம்பினால், காரணம் இதுதான்.

சில்வியாவுக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை அத்தியாயத்தின் ஆகச் சிறந்த பொருளும் ஆக மோசமான குறையும் இவரிடமே இருக்கின்றன. இவருடைய இனத்துக்குப் புலன் உணர்ச்சி என்பது கிடையாது. வேலைக்காக மனித உடலை அணிந்தார். தொட்டால் ஏதோ தெரிகிறது, சுவைத்தால் ஏதோ தெரிகிறது. இப்போது அதிலிருந்து வெளியே வர மனமில்லை. வந்த வேலை, அனுப்பிய பண்டையோர், கூட வந்த கோரோப், எல்லாவற்றையும் மறந்து இன்னும் உணர வேண்டும் என்று பித்துப் பிடித்து அலைகிறார். கோரோப் அஞ்சுவது மனிதர்களைப் பார்த்து அல்ல, இவரைப் பார்த்து. வேடம் அணிந்தவரை வேடம் விழுங்கிவிட்டது. எவ்வளவு பயங்கரமான கரு! நடித்த அன்டாய்னெட் போவர், பேச்சின் நடுவே குரலைத் தாழ்த்தி, விரல்களைத் துணியில் மெல்ல ஓட்டி, அந்தப் புதுப் பசியைக் காட்டுகிறார். முதலில் கழுத்தில் பதக்கத்தோடு ஒரு பூனை வெளியே போகிறது, அதே பதக்கத்தோடு இவர் உள்ளே வருகிறார். அப்போதிலிருந்தே கண்ணைக் கூர்மையாக வைத்துக்கொண்டு பூனைபோலத்தான் நடக்கிறார். (பூனை பெண்ணாகும் இதே வித்தையை, பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் மறுபடி செய்தார்கள். கையிருப்பில் உள்ள வித்தையை வீணாக்குவானேன் என்று நினைத்திருக்கலாம்.)

ஆனால் திரைக்கதை இவரை எங்கே கொண்டுபோகிறது? கிர்க்கிடம். உடை மாற்றி, முடி மாற்றி, எந்த உருவம் பிடிக்கிறது என்று கேட்கிறார். கேப்டன் கொஞ்சுவதுபோல் நடித்துக் கோட்டையின் ரகசியத்தைக் கறக்கப் பார்க்கிறார். தன்னை ஏமாற்றுகிறான் என்று தெரிந்ததும் சில்வியா பொங்குகிறார். மனிதப் புலன்களை முதன்முதலாகக் கண்டடைந்த ஒரு வேற்றுயிர், ஏமாற்றப்பட்ட காதலியின் கோபம் என்ற பழைய சட்டத்துக்குள் மடக்கி வைக்கப்படுகிறது. 1967இல் தொலைக்காட்சிக்கு எழுதியவர்களுக்கு, அதிகாரம் உள்ள பெண்ணை வீழ்த்த இதைத் தவிர வேறு வழி தோன்றுவதே இல்லை. பொம்மைகளைக் கேலி செய்கிறவர்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

அதன்பின் ஓட்டம். கோரோப் மனம் மாறிக் கிர்க்கையும் ஸ்பாக்கையும் விடுவித்து, அவர்களுடைய கைத்துப்பாக்கியான ஃபேசரைத் திருப்பிக் கொடுக்கிறார். சில்வியா பெரும் பூனையாகிக் கதவுகளை இடித்துக்கொண்டு வருகிறார். சிறிய வழிநடைச் செட்டுக்குள் சாதாரணப் பூனையை நடக்கவிட்டு எடுத்ததுதான். நிழல் மட்டும் சுவரில் ஏறும்போது நன்றாக இருக்கிறது. பூனையே திரையில் வந்ததும், மனிதர் யார் முகத்தையும் பொருட்படுத்தாத ஒரு வீட்டுப் பூனை நிதானமாக உலாவுவது தெரிந்துவிடுகிறது. ஜெரால்ட் ஃபிரைடின் இசைதான் அந்த இடத்தைத் தாங்குகிறது. கதவு சரிந்து கோரோப் நசுங்குகிறார். அவருடைய கோல்தான் எண்ணத்தைப் பொருளாக மாற்றும் கருவி என்று ஊகித்த கிர்க், அதை மேசையில் அடித்து உடைக்கிறார். கோட்டை இல்லை, பனி இல்லை, பூனை இல்லை. வெறும் பாறை நிலம். அதில் இரண்டு சிறு உயிர்கள்.

இனி அந்தப் பொம்மைகள். கையளவு உயரம், நீல நிறப் பஞ்சு, கம்பிக் கால்கள், நண்டுக் கொடுக்குகள், உச்சியில் ஆடும் நூல். கீச்சிட்டுக்கொண்டு தள்ளாடி, புகைந்து, உதிர்ந்துபோகின்றன. 1967இன் சிறிய டிவியில், புள்ளி புள்ளியாகத் தெரிந்த படத்தில், அவற்றை ஆட்டும் நூல்கள் அவ்வளவாகத் தெரிந்திருக்காது. இப்போது பெரிய திரையில் துல்லியமாகத் துடைத்துக் கொடுத்திருக்கும் பதிப்பில் நூல் பளிச்சென்று தெரிகிறது. சிரிப்புக்குக் காரணம் அவ்வளவுதான்.

சிரித்து முடித்தபின் ஒருமுறை யோசியுங்கள். பூனையாய், பேரழகியாய், அரசனாய், கோட்டையாய் வளர்ந்து நின்ற அத்தனைக்கும் பின்னால் இருந்தவை இவைதான். கருவி உடைந்த அடுத்த நிமிடம் மூச்சுவிடக்கூட முடியாதவை. தொடரின் முதல் பருவத்தில், 1966 நவம்பரில் வந்த 'தி கார்போமைட் மனூவர்' அத்தியாயத்தில் இதற்குத் தலைகீழான ஒரு வித்தை உண்டு. அங்கே மிரட்டிய கோர முகம் வெறும் பொம்மை, உள்ளே இருந்தவர் பழச்சாறு கொடுத்து உபசரிக்கும் குழந்தை முகக்காரர். அங்கே பொம்மை வேடம். இங்கே மனித உருவம் வேடம், பொம்மைதான் நிஜம். சில்வியாவின் பித்தும் இப்போதுதான் முழுமையாக விளங்குகிறது. அந்தப் பஞ்சும் கொடுக்குமான உடலிலிருந்து வந்த ஒருவருக்கு, மனித விரலால் துணியைத் தடவுவது என்னவாக இருந்திருக்கும்! இயக்குநர் ஜோசப் பெவ்னி அந்த இரண்டு உயிர்களையும் இன்னும் அருகில், இன்னும் குறைந்த வெளிச்சத்தில், சில நொடி மட்டும் காட்டியிருந்தால் இன்று யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இதைப் பாதுகாத்து ஆராய முடிந்தால் என்று ஸ்பாக் ஆசைப்படுகிறார். காலம் கடந்துவிட்டது. இதெல்லாம் வெறும் மாயையா என்கிறார் மெக்காய். மாயை இல்லை, ஜாக்சன் இறந்துவிட்டார் என்கிறார் கிர்க். அத்தோடு முடிகிறது. வழக்கமாகக் கப்பல் மேடையில் ஏதாவது நகைச்சுவை சொல்லிச் சிரித்துவிட்டு முடிக்கும் தொடர் இது. பண்டிகைக்காக எழுதிய வேடிக்கைக் கதைக்கு அந்தச் சிரிப்பு வேண்டாம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அது பிளாக்கோ வேறு எவரோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம்.

ஆக, மட்டமான அத்தியாயமா? மட்டமான பட்டியல்களில் இதைச் சேர்க்கிறவர்கள் மூன்றாம் பருவத்தை முழுதாகப் பார்க்காதவர்கள் என்றே நினைக்கிறேன். தொடரின் நடுவரிசையில் வைக்கலாம். தொடக்கக் காட்சி, மெழுகுவர்த்திக் காட்சி, ஸ்பாக்கின் கவிதை விமரிசனம் மூன்றையும் முன்வரிசையில் வைக்கலாம்.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது என்றால், கணினி வரைகலை சேர்த்த புதிய பதிப்பில் விண்வெளிக் காட்சிகள் மெருகேறியிருக்கின்றன. கோட்டைக்குள் அதிக வித்தியாசம் இல்லை. பழைய பதிப்பையே பரிந்துரைப்பேன். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு பார்க்க ஏற்றது. பிணம் பேசும் இடத்தில் மட்டும் பக்கத்தில் இருங்கள். பிள்ளைகள் தூங்கியபின், அதே ராபர்ட் பிளாக் எழுதி அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று வந்த 'உல்ஃப் இன் தி ஃபோல்ட்' அத்தியாயத்தைப் போடுங்கள். ஸ்காட்டிமேல் கொலைப் பழி விழும் கதை. 1943லேயே லண்டனின் தொடர்கொலைகாரன் ஜாக் தி ரிப்பரை வைத்துச் சிறுகதை எழுதிப் பெயர் வாங்கியவர், அந்த ஆளை விண்வெளிக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதில் கோட்டையும் இல்லை, பூனையும் இல்லை. பயம் நிறைய இருக்கிறது. சிறுவர்களுக்கு அது வேண்டாம்.